மாற்றுத்திறனாளி வரும் படத்தில் 'நார்மல்' யார்? ஆசியப் படங்களைப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

மாற்றுத்திறனாளி கதாபாத்திரம் வரும் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் நம் வாயில் முதலில் வருவது பெரும்பாலும் "என்னமா நடிச்சிருக்காரு!" என்பதுதான். நானும் வருடக்கணக்கில் இதையே சொல்லிக்கொண்டிருந்தவன்தான். ஆனால் அந்தப் படத்தில் கை, கால், கண், காது எல்லாம் சரியாக இருக்கிற மற்றவர்கள் அவரிடம் எப்படி நடந்துகொண்டார்கள், அவர்களைப் படம் எப்படிக் காட்டியது என்று யாரும் பேசி நான் கேட்டதில்லை. வீட்டில் பேசும்போதே "மூத்தவன் கொஞ்சம் அப்படி, மத்த ரெண்டு பிள்ளைங்களும் நல்லா இருக்காங்க" என்கிறோமே, அந்த 'நல்லா இருக்கிறவங்க' எல்லாப் படத்திலும் உண்டு. அவர்கள்மேல் கண் வைத்துப் பார்த்தால் ஏற்கெனவே பார்த்த படமே வேறொரு படமாகத் தெரியும், இந்த வழிகாட்டி அதற்காகத்தான்.

கல்லூரியில் கட்டுரை எழுதுபவர்களுக்கும், நண்பர்களோடு திரையிடல் நடத்துபவர்களுக்கும், வீட்டில் சும்மா பார்ப்பவர்களுக்கும் இது பயன்படும். ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு படத்துக்கு இரண்டு முறை உட்காரும் பொறுமை இருந்தால் போதும். முடிவுகளைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தைப் பேசவே முடியாது, அதனால் கீழே நிறைய க்ளைமாக்ஸ்களைச் சொல்லியிருக்கிறேன்.

படி 1: மூன்று படங்களை எடுத்துக்கொள்ளுங்கள்

முதலாவது, உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரு தமிழ்ப் படம். '16 வயதினிலே' (1977), 'மூன்றாம் பிறை' (1982), 'அஞ்சலி' (1990), 'மொழி' (2007), 'பேரன்பு' என்று எதுவும் சரி. இரண்டாவது, உங்களுக்குப் பழக்கமில்லாத நாட்டிலிருந்து ஒன்று. தென்கொரியாவின் 'ஒயாசிஸ்' (2002), ஈரானின் 'தி கலர் ஆஃப் பாரடைஸ்' (1999), சீனாவின் 'பிளைண்ட் மசாஜ்' (2014) ஆகியவை நல்ல தொடக்கம். மூன்றாவது முக்கியம்: மாற்றுத்திறனாளியே நடித்த படமாகவோ அவரைப் பற்றிய ஆவணப்படமாகவோ அது இருக்க வேண்டும். ஜப்பானின் '37 செகண்ட்ஸ்' (2019), தைவானின் 'டச் ஆஃப் தி லைட்' (2012), கொரிய ஆவணப்படம் 'பிளானட் ஆஃப் ஸ்னெயில்' (2011) ஆகியவற்றில் ஒன்றை எடுங்கள். இந்த மூன்றாவதைத் தவிர்த்துவிட்டால் மற்ற இரண்டையும் ஒப்பிட அளவுகோல் இருக்காது.

அழவைக்கும் படங்களாகவே எடுக்காதீர்கள். பழிவாங்கும் கதை, சண்டைப் படம், காதல் படம் எல்லாம் கலந்திருக்கட்டும்.

படி 2: முதல் அரை மணி நேரம், பெயரை மட்டும் கவனியுங்கள்

அந்தக் கதாபாத்திரத்தை யார் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று எழுதுங்கள். நமக்கு இதில் மிகப் பெரிய பாடம் '16 வயதினிலே'தான். ஊரே சப்பாணி என்கிற ஆளுக்குக் கோபாலகிருஷ்ணன் என்று ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரை அவனுக்குத் திருப்பிக் கொடுப்பவள் மயில், சப்பாணி என்று கூப்பிட்டால் கன்னத்தில் அறையச் சொல்லிக் கொடுப்பவளும் அவள்தான். 1977இல், தமிழ்க் கிராமத்துப் படம் ஒன்றில், உடல் குறையைப் பெயராக வைப்பது அடிக்குப் பதில் அடி கொடுக்க வேண்டிய அவமானம் என்று சொன்ன காட்சி அது. இருந்தும் இன்றுவரை நாம் அந்தக் கதாபாத்திரத்தைச் சப்பாணி என்றேதான் சொல்கிறோம். இதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், படம் சொன்னது ஒன்று, நாம் எடுத்துக்கொண்டது ஒன்று.

'ஒயாசிஸ்' படத்தின் நாயகி பெயர் கோங்-ஜு. கொரிய மொழியில் இளவரசி என்று பொருள். பெருமூளை வாதம் (மூளைப் பாதிப்பால் உடல் அசைவும் பேச்சும் கட்டுக்குள் வராத நிலை) உள்ள அந்தப் பெண்ணை அவள் குடும்பம் ஒரு பழைய அடுக்குமாடி வீட்டில் தனியாக விட்டிருக்கிறது. அவளுக்கு அந்தப் பெயரின் பொருளுக்கு ஏற்ற மரியாதையைக் கொடுத்து மகாராணிபோல அழைக்கும் ஒரே ஆள், சிறையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஜோங்-டு.

சொற்களோடு நின்றுவிட வேண்டாம். 'ஊனமுற்றோர்' என்ற சொல் போய் 'மாற்றுத்திறனாளி' வந்தது நல்லதுதான், ஆனால் புதுச்சொல்லைப் போட்டுக்கொண்டே பழைய இளக்காரத்தோடு எழுதின வசனங்கள் நிறைய இருக்கின்றன.

படி 3: கேமராவும் ஒலியும் யார் பக்கம்?

அவரை நாம் பார்க்கிறோமா, அவரோடு சேர்ந்து உலகத்தைப் பார்க்கிறோமா? இந்தக் கேள்வியைக் காட்சிக்குக் காட்சி கேளுங்கள். லௌ யே இயக்கிய 'பிளைண்ட் மசாஜ்' நான்ஜிங் நகரத்து மசாஜ் நிலையத்தில் வேலை செய்யும் பார்வையற்றவர்களின் கதை. படத்தின் தொடக்கத்தில் வரும் பெயர்களை ஒரு குரல் வாசித்துச் சொல்கிறது. எழுத்தைப் பார்க்க முடிந்தவர்களுக்கு மட்டுமே இந்தப் படம் என்று நினைக்காதே என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். அப்புறம் கேமரா மங்கலாகும், தடுமாறும், முகத்துக்கு மிக அருகில் போகும். பார்ப்பவருக்குக் கொஞ்சம் சிரமம்தான், அந்தச் சிரமத்தைத் தாங்கி உட்காருங்கள்.

இந்தப் படிக்கு நான் சிபாரிசு செய்வது ஈரானியக் கவிஞர் ஃபரூக் ஃபரூக்ஸாத் எடுத்த 'தி ஹவுஸ் இஸ் பிளாக்'. தப்ரீஸ் அருகிலுள்ள பாபாபாகி தொழுநோய்க் காப்பகத்தில் 1962இல் எடுத்த இருபது நிமிடச் சொச்சப் படம். ஒரு ஆண் குரல் நோயைப் பற்றி மருத்துவத் தகவல் சொல்கிறது, கவிஞரின் குரல் மத நூல் வரிகளையும் கவிதையையும் சொல்கிறது. கேமரா அந்த முகங்களை நேராகப் பார்க்கிறது, ஒளித்துப் பார்ப்பதில்லை, அவசரமாக விலகுவதும் இல்லை. கடைசியில் ஒரு வகுப்பறை. அழகான சில பொருட்களைச் சொல் என்று ஆசிரியர் கேட்கிறார். நிலா, சூரியன், பூ, விளையாட்டு என்கிறான் ஒரு பையன். அசிங்கமான சிலவற்றைச் சொல் என்று இன்னொரு பையனைக் கேட்கிறார். கை, கால், தலை என்கிறான் அவன். மற்ற பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நான் முதல் தடவை பார்த்தபோது அந்தச் சிரிப்பில் என்ன செய்வதென்று தெரியாமல் படத்தை நிறுத்திவிட்டேன். அந்த இடத்தில் பரிதாபப்படச் சொல்லும் சோக இசை இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக முடிந்திருக்கும். நீங்களும் உங்கள் மூன்று படங்களில் வயலின் எங்கே எழுகிறது என்று நேரத்தோடு குறித்துப் பாருங்கள், சங்கடமான இடத்திலிருந்து நம்மைக் காப்பாற்றத்தான் அது பெரும்பாலும் வருகிறது.

படி 4: 'நல்லா இருக்கிறவங்க' பட்டியல் போடுங்கள்

மற்ற படிகளை விட்டாலும் இதை விடாதீர்கள். ஒரு பக்கத்தில், படத்தில் உடல் குறை எதுவும் இல்லாத எல்லாரையும் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் எதிரே அவர் செய்கிற ஒரே ஒரு காரியம். விமர்சனம் எழுத வேண்டாம், செயலை மட்டும் எழுதுங்கள்.

லீ சாங்-டாங்கின் 'ஒயாசிஸ்' படத்துக்கு இதைச் செய்து காட்டுகிறேன். கோங்-ஜுவின் அண்ணன்: மாற்றுத்திறனாளிகளுக்கான ஒதுக்கீட்டில் தங்கை பெயரில் கிடைத்த புது வீட்டுக்குத் தன் மனைவியோடு குடிபோகிறான், தங்கையைப் பழைய வீட்டிலேயே விட்டுவிட்டு. பக்கத்து வீட்டுக்காரர்கள்: காசு வாங்கிக்கொண்டு அவளுக்குச் சோறு போடுகிறார்கள். ஜோங்-டுவின் அண்ணன்: தான் காரோட்டிச் செய்த விபத்துக்குத் தம்பியைச் சிறைக்கு அனுப்பியவன், அந்த விபத்தில் செத்தவர்தான் கோங்-ஜுவின் அப்பா. உணவகத்து ஆட்கள்: இவர்கள் உள்ளே வந்ததும் சாப்பாடு இல்லை என்று அனுப்பிவிடுகிறார்கள். அம்மாவின் பிறந்தநாள் விருந்து: குடும்பப் போட்டோ எடுக்கும்போது கோங்-ஜு அதில் இருக்கக் கூடாது. போலீஸ்: அவளும் அவனும் விரும்பிச் சேர்ந்திருந்ததைப் பலாத்காரம் என்று எழுதிக்கொள்கிறார்கள். இப்படி ஒரு உடம்பை யாராவது விரும்புவார்களா என்பதுதான் அவர்களுடைய ஒரே சந்தேகம். அவள் சொல்ல வருவதைக் கேட்க அங்கே யாருக்கும் பொறுமை இல்லை, வாய் ஒத்துழைக்காமல் அவள் சக்கர நாற்காலியை அலமாரியில் மோதிக்கொண்டே இருக்கிறாள்.

இந்தப் பட்டியலில் பெரிய வில்லன் யாருமே இல்லை. எல்லாரும் குடும்பம், வேலை என்று ஒழுங்காக இருப்பவர்கள், நம்மைப் போன்றவர்கள். நார்மல் என்பது ஒருவருடைய உடம்பில் இருக்கிற விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், இந்தப் பட்டியலைப் போட்ட பிறகுதான் அது யாரைப் போட்டோவில் சேர்ப்பது, யாருக்குச் சோறு போடுவது என்று ஒரு கூட்டம் தினமும் எடுக்கிற முடிவு என்று புரிந்தது.

அதே சமயம் படத்தையும் சும்மா விடக் கூடாது. ஆரம்பத்தில் ஜோங்-டு அவளைப் பலாத்காரம் செய்ய முயல்கிறான், அவள் மயங்கியதும் ஓடுகிறான். பிறகு அவளே அவனைத் தொலைபேசியில் அழைக்கிறாள், அங்கிருந்துதான் காதல். தனிமை எந்த அளவுக்கு இருந்தால் இப்படி ஆகும் என்று படம் காட்டுவதாக வாதிடலாம், ஆனால் மாற்றுத்திறனாளிப் பெண்ணுக்கு நடந்த வன்முறையைக் காதலுக்கான வாசலாக வைத்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது. இரண்டையும் நோட்டில் எழுதுங்கள், ஒன்றுக்காக மற்றொன்றை அழிக்க வேண்டாம்.

இன்னொரு காட்சியும் உண்டு. ரயிலில் எதிரே ஒரு ஜோடி, அந்தப் பெண் காதலனைக் காலி பிளாஸ்டிக் பாட்டிலால் செல்லமாக அடிக்கிறாள். சட்டென்று கோங்-ஜு நாற்காலியிலிருந்து எழுந்து நின்று ஜோங்-டுவைப் பாட்டிலால் தட்டுகிறாள். வெட்டு இல்லை, மாய ஒலி இல்லை, அப்படியே எழுகிறாள். சில நொடிகளில் மறுபடி நாற்காலி. அவளுடைய கனவும் 'நார்மல்' உடம்புதானா, வேறு கனவை அவளுக்குக் கொடுக்க இயக்குநருக்குத் தோன்றவில்லையா என்று நண்பர்களோடு விவாதித்துப் பாருங்கள். எங்கள் குழுவில் இது முடியவே இல்லை.

படி 5: குறைக்கு ஈடாக என்ன கொடுக்கிறார்கள்?

பார்வை இல்லையென்றால் அபாரமான காது. ஆட்டிசம் என்றால் ஓட்டத்திலோ நீச்சலிலோ திறமை. எழுத்துக்கூட்டப் போராடும் பையன் ஓவியத்தில் முதல் பரிசு, 'தாரே ஜமீன் பர்' (2007) நினைவிருக்கும். எதிலும் சிறக்காத, சாதாரணமாக இருக்கிற மாற்றுத்திறனாளிக்குப் படத்தில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஷின்டாரோ காட்சு நடித்து 1962இல் தொடங்கிய 'சடோயிச்சி' வரிசை இதற்கு உச்சம்: ஊர் ஊராகப் போய் மசாஜ் செய்யும் பார்வையற்றவர் கைத்தடிக்குள் இருக்கும் வாளை உருவினால் கண்ணுள்ள பத்துப் பேர் விழுவார்கள்.

ஆனால் அந்த மசாஜ் தொழிலைக் கவனியுங்கள், அது கற்பனை இல்லை. பழைய ஜப்பானில் பார்வையற்றவர்களுக்கென்று தனிச் சங்கமே இருந்தது, மசாஜும் இசையும் அவர்களுடைய தொழில்கள். தென்கொரியாவில் இன்றும் மசாஜ் உரிமம் சட்டப்படி பார்வையற்றவர்களுக்கு மட்டுமே, 2008இல் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆசியப் படங்களில் பார்வையற்றவரும் மசாஜும் திரும்பத் திரும்பச் சேர்ந்து வருவதற்கு இந்த நிஜம் காரணம். படத்தில் வேலை என்று ஒன்று இருந்தால் அது திறமையைக் காட்டும் சர்க்கஸா, வாடகை கட்டும் பிழைப்பா என்று பிரித்துக்கொள்ளுங்கள். 'பிளைண்ட் மசாஜ்' இரண்டாவது வகை, முதலாளியும் பார்வையற்றவர்தான், அங்கேயும் பொறாமை, காதல், காசுச் சண்டை எல்லாம் உண்டு.

படி 6: க்ளைமாக்ஸில் மூன்று கதவுகள்

குணமாகிறார், இறக்கிறார், இருந்தபடியே வாழ்கிறார். உங்கள் படம் எந்தக் கதவைத் திறக்கிறது?

குணமாவது நமக்கு ரொம்பப் பழக்கம், 'துள்ளாத மனமும் துள்ளும்' (1999) நாயகிக்குப் பார்வை திரும்பி வரும். ஆனால் குணமான பிறகு என்ன ஆகும் என்று ஈரானிய இயக்குநர் மஜீத் மஜீதி 'தி வில்லோ ட்ரீ' (2005) படத்தில் கேட்டார். சிறு வயதிலிருந்து பார்வை இல்லாத பேராசிரியருக்கு அறுவை சிகிச்சையில் பார்வை வருகிறது, பார்வையோடு சபலமும் அதிருப்தியும் வந்து அவர் கட்டிய வாழ்க்கையையே கலைக்கின்றன. நம்மிடம் 'மூன்றாம் பிறை' இருக்கிறது. விஜி குணமாகி ரயிலில் உட்கார்ந்திருக்கிறாள், சீனு கேத்தி நிலையத்து நடைமேடையில் நொண்டிக்கொண்டே குட்டிக்கரணம் போட்டு அவளுக்கு ஞாபகப்படுத்தப் பார்க்கிறான், அவள் அவனை யாரோ பைத்தியம் என்று நினைக்கிறாள். பத்தே நிமிடத்தில் 'நார்மல்' இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விட்டது. அந்தக் காட்சியில் நாற்பது வருடமாக அழுகிறோம், இந்த இடமாற்றத்தை எத்தனை பேர் பேசியிருக்கிறோம்?

இரண்டாவது கதவு எனக்குப் பயமாக இருக்கிறது. 'நான் கடவுள்' (2009) படத்தில் பார்வையற்ற ஹம்சவல்லியைக் கொல்வது விடுதலை கொடுப்பதாகச் சொல்லப்படுகிறது. 'பேரன்பு' அப்பா மகளோடு கடலில் இறங்கும் வரை போகிறார், காப்பாற்ற மீரா வருகிறாள். இதைப் பார்க்கும்போது ஜப்பானின் ஒரு சம்பவத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1970இல் யோகோஹாமா பகுதியில் ஒரு தாய், பெருமூளை வாதம் உள்ள தன் குழந்தையைக் கொன்றார். பாவம் அந்தத் தாய், தண்டனையைக் குறையுங்கள் என்று அக்கம்பக்கம் திரண்டது. அப்போது எதிர்த்து நின்றது பெருமூளை வாதம் உள்ளவர்களின் அவோய் ஷிபா என்ற அமைப்பு: கொல்லப்பட்டது நாங்கள், உங்கள் இரக்கமெல்லாம் கொன்றவருக்கா என்று கேட்டார்கள். அதே அமைப்பினரை வைத்து கசுவோ ஹாரா 1972இல் 'குட்பை சிபி' (சிபி என்பது பெருமூளை வாதத்தின் ஆங்கிலச் சுருக்கம்) என்ற ஆவணப்படம் எடுத்தார். அவர்களில் ஒருவரான யோகோட்டா ஹிரோஷி டோக்கியோ தெருவில் முழங்காலால் நகர்ந்து போகிறார், நடப்பவர்களின் கால்கள் அவரைச் சுற்றிப் போகின்றன. கருணைக் கொலையைப் புனிதமாகக் காட்டும் எந்தப் படத்தைப் பார்த்தாலும் எனக்கு அவர்தான் ஞாபகம் வருகிறார்.

மூன்றாவது கதவுக்கு சாய் பராஞ்ச்பேயின் 'ஸ்பர்ஷ்' (1980). பார்வையற்றோர் பள்ளி முதல்வர் அனிருத், கவிதாவைக் காதலிக்கிறார், பிறகு அவள் தியாகம் செய்வதாக நினைத்துத்தான் தன்னைக் கட்டிக்கொள்கிறாளோ என்று நிச்சயத்தையே முறிக்கிறார். கோபக்காரர், தன்மானக்காரர், சில சமயம் தப்பும் செய்கிறவர். பார்வை வரப்போவதில்லை, அதைப் பற்றி யாரும் கனவும் காணவில்லை.

படி 7: யார் நடித்தது?

நம் ஊரில் இந்த வேடங்கள் விருதுக்கான வேடங்களாகவே ஆகிவிட்டன. கொரியாவிலும் அப்படித்தான், மூன் சோ-ரிக்கு 'ஒயாசிஸ்' படத்துக்காக வெனிஸ் விழாவில் விருது கிடைத்தது, அவர் நடிப்பு பிரமாதம் என்பதில் சந்தேகமில்லை. இருந்தாலும் '37 செகண்ட்ஸ்' பார்த்தபின் என் மனசு மாறியது. நாயகி யூமாவாக நடித்த மேய் கயாமாவுக்கே பெருமூளை வாதம் உண்டு. யூமா மங்கா என்ற ஜப்பானியப் படக்கதை வரைகிறாள், பெயர் இன்னொருத்திக்குப் போகிறது. ஆரம்பத்திலேயே அம்மா அவளைக் குளிப்பாட்டுகிற காட்சி வருகிறது. வளர்ந்த பெண், தொட்டித் தண்ணீர், பழகிப்போன கைகள். அந்தப் பாசம் மூச்சு முட்ட வைக்கிறது என்று ஒரு வசனமும் இல்லாமல் தெரிகிறது, ஏனென்றால் அந்த உடம்பு நடிப்புக்காக முறுக்கிய உடம்பு இல்லை.

உண்மையான ஆளை வைத்தாலே போதுமா என்றால் போதாது. 'நான் கடவுள்' படத்திலும் நிஜ மாற்றுத்திறனாளிகள் பலர் இருந்தார்கள். கதையை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. 2024 ஜூலையில் நம் உச்ச நீதிமன்றமும், திரையில் மாற்றுத்திறனாளிகளைச் சித்தரிப்பது பற்றிய வழக்கொன்றில், அவர்களைப் புரிந்துகொள்ள உதவும் நகைச்சுவை வேறு, இழிவுபடுத்தும் நகைச்சுவை வேறு என்று பிரித்துச் சொன்னது. அவர்களையும் கலந்துகொண்டே படைக்க வேண்டும் என்றும் சொன்னது. பழைய காமெடி டிராக்குகளை இந்த அளவுகோலோடு ஒருமுறை பாருங்கள்.

படி 8: யாரோடு, எங்கே பார்க்கிறீர்கள்?

நாங்கள் ஒருமுறை 'ஒயாசிஸ்' திரையிட்டது ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. சக்கர நாற்காலியில் வரும் ஒரு நண்பர் கீழேயே நின்று போன் செய்து, "படம் முடிஞ்சதும் சொல்லுங்க, டீக்கடையில பேசுவோம்" என்றார். அந்த உணவகத்து ஆட்களைப் பற்றி அன்று மேலே மணிக்கணக்கில் பேசினோம். எனக்கு அந்த வெட்கம் போகவில்லை. அதற்குப் பிறகு தரைத்தளம் கிடைத்தால் மட்டுமே திரையிடுகிறோம், தமிழ்ப் படத்துக்கும் சப்டைட்டில் போடுகிறோம்.

நீங்களும் முதலில் படிக்கட்டு, கழிப்பறை, சப்டைட்டில் மூன்றையும் சரிபாருங்கள். 2023இல் டெல்லி உயர் நீதிமன்றம் 'பதான்' படத்தின் ஓடிடி வெளியீட்டில் ஒலி விவரிப்பும் (காட்சியில் நடப்பதைக் குரலில் சொல்வது) சப்டைட்டிலும் சேர்க்கச் சொன்னது, 2024இல் மத்திய அரசு திரையரங்குகளுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. கேட்டால் கிடைக்க வேண்டிய விஷயங்கள், கேளுங்கள். படம் சட்டத்தையே அசைத்த கதையும் உண்டு: குவாங்ஜு நகரக் காது கேளாதோர் பள்ளியில் பிள்ளைகளுக்கு நடந்த பாலியல் கொடுமை பற்றிய 'சைலன்ஸ்டு' 2011இல் வெளிவந்து சில வாரங்களில், கொரிய நாடாளுமன்றம் இத்தகைய குற்றங்களுக்கான சட்டத்தைக் கடுமையாக்கியது.

படி 9: ஒரே ஒரு காட்சியில் பழகுங்கள்

இவ்வளவையும் முழுப் படத்தில் செய்ய மலைப்பாக இருந்தால் 'பிளானட் ஆஃப் ஸ்னெயில்' படத்தில் விளக்கு மாற்றும் காட்சியை மட்டும் எடுங்கள். யங்-சானுக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. மனைவி சூன்-ஹோவுக்கு முதுகெலும்புப் பாதிப்பு, மிகவும் குள்ளமானவர். படுக்கையறை விளக்கு போய்விட்டது. அவருக்கு எட்டும், தெரியாது. அவளுக்குத் தெரியும், எட்டாது. அவர் மேலே கையை வைத்துத் துழாவுகிறார், ஒன்றும் புரியவில்லை, கையைக் கீழே நீட்டுகிறார். அவள் அவருடைய விரல்கள்மேல் தன் விரல்களால் தட்டித் தட்டிப் பேசுகிறாள், பிரெயில் எழுத்துகளைப் போல. மறுபடி மேலே. மறுபடி கீழே. ரொம்ப நேரம் ஆகிறது, யாரும் அவசரப்படுத்தவில்லை, கேமராவும்கூட. இந்தக் காட்சிக்கு 4ஆம் படியின் பட்டியலைப் போட்டுப் பாருங்கள், எழுத ஒருவரும் இருக்க மாட்டார்கள். கடைசியில் விளக்கு எரிகிறது, எரிந்துவிட்டது என்று அவள் அவர் விரலில் தட்டிச் சொல்கிறாள்.